முன்பு இரண்டே நாளில் நாவல் படித்தவர்கள் இப்போது எப்படிப் படிக்கிறீர்கள்?

அங் மோ கியோ வாசகி:

அனைவருக்கும் வணக்கம். நெடுநாளாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். என் வயதை ஒட்டியவர்களும் மூத்தவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

எனக்கு வயது 48. சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒரு மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தேன். உயர்நிலைப் பள்ளியில் படித்த காலத்தில், சனிக்கிழமை காலையில் 500 பக்க நாவல் ஒன்றைக் கையில் எடுத்தால் ஞாயிறு மாலைக்குள் முடித்துவிடுவேன். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாது. விளக்கை அணைக்கச் சொல்லி அப்பா அதட்டினால், சமையலறை விளக்கின்கீழ் தரையில் உட்கார்ந்து மீதியைப் படிப்பேன். திருமணம், பிள்ளைகள், கணக்காளர் வேலை என்று ஆன பிறகும் ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு தமிழ் நூல்களாவது படித்துக்கொண்டுதான் இருந்தேன். கடந்த ஏழெட்டு ஆண்டுகளில் அது மெல்ல மெல்லத் தேய்ந்து, சென்ற ஆண்டு ஒரு தமிழ் நூலைக்கூட முழுதாக முடிக்கவில்லை என்பதை ஆண்டிறுதியில்தான் உணர்ந்தேன்.

அண்மையில் நூலகத்திலிருந்து 380 பக்க நாவல் ஒன்றை இரவல் பெற்றேன். 21 நாள் தவணை முடிந்ததும் ஒரு முறை நீட்டித்தேன். ஆக மொத்தம் ஆறு வாரங்கள். நூலைத் திருப்பிக் கொடுத்தபோது, அடையாளத்துக்கு வைத்திருந்த இரவல் சீட்டு 64ஆம் பக்கத்தில் இருந்தது. நூல் சலிப்பூட்டியது என்று சொல்ல மாட்டேன். கதை பிடித்துத்தான் இருந்தது. ஒரு பத்தியின் பாதியிலேயே கை தானாகக் கைப்பேசியை எடுத்துவிடுகிறது. அது ஒலித்திருக்காது, எந்தச் செய்தியும் வந்திருக்காது. வைத்துவிட்டு மீண்டும் பத்தியின் தொடக்கத்துக்குப் போவேன். இப்படி ஒரே பத்தியை மூன்று முறை படித்த இரவுகள் உண்டு.

நான் படிக்காமல் இருக்கிறேன் என்றும் சொல்ல முடியாது. அலுவலக மின்னஞ்சல்கள், அறிக்கைகள், வாட்ஸ்அப் குழுக்கள், செய்தித் தளங்கள் என்று நாளொன்றுக்கு நான்கு மணி நேரமாவது எழுத்தின் மீதுதான் கண் இருக்கிறது. இன்னொன்றும் என்னைக் குழப்புகிறது. சென்ற ஆண்டு 300 பக்க ஆங்கில நூல் ஒன்றைப் பத்து நாளில் முடித்திருக்கிறேன். அப்படியானால் இது கைப்பேசியால் வந்த வினையா, வயதால் வந்ததா, அல்லது என் தமிழே பின்வாங்கிவிட்டதா? உங்களுக்கும் இப்படி நேர்ந்ததா? நேர்ந்து, அதிலிருந்து மீண்டவர்கள் யாரேனும் இருந்தால் எப்படி மீண்டீர்கள் என்று சொல்லுங்கள்.


ஓய்வாசிரியர்:

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். விடையில் பெரும்பகுதியை அதன் கடைசிப் பத்தியில் நீங்களே எழுதிவிட்டீர்கள். ஆங்கில நூலைப் பத்து நாளில் முடித்தவரிடம், நீண்ட நேரம் படிக்கும் திறன் போய்விட்டது என்று நான் நம்பவில்லை.

முதலில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். தமிழ் நாவலில் ஒரு பக்கத்தையும், ஏறத்தாழ அதே அளவுள்ள ஓர் ஆங்கிலப் பக்கத்தையும் கடிகாரம் வைத்துப் படியுங்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் கற்பித்தவன் நான். தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் என் பழைய மாணவர்கள் சிலரை, இப்போது அவர்களும் நாற்பதைக் கடந்தவர்கள், இப்படிப் படிக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தமிழில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களுக்கே தமிழ்ப் பக்கத்துக்கு ஆங்கிலப் பக்கத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு நேரம் பிடித்தது.

இதற்குக் காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதுதான். பழகிய வாசகர் எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை. சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்கிறார். தமிழ்ச் சொல்லோ வேற்றுமை உருபையும் துணைவினையையும் பன்மையையும் தன்மேல் அடுக்கிக்கொண்டு நீள்கிறது. ‘படித்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்ற ஒரே சொல்லை நாள்தோறும் தமிழ் படிப்பவர் ஒரு வீச்சில் எடுத்துக்கொள்வார். பழக்கம் விட்டவர் அதை நான்கைந்து துண்டுகளாக உடைத்துத்தான் உள்வாங்குவார். வேகம் குறையும்போது, வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் அதன் தொடக்கம் மனத்திலிருந்து நழுவிவிடுகிறது, நம் மொழியில் வினைமுற்று கடைசியில்தான் வரும் என்பதால் அந்தச் சுமை இன்னும் கூடுகிறது, அதுவரை தாங்கிப் பிடித்த மனம் சோர்ந்து போகிறது. கைப்பேசியை நோக்கிக் கை போவது அந்தச் சோர்வுக்குப் பிறகு நடப்பது.

இது உங்கள் ஒருவருடைய குறையும் இல்லை. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர் இந்தியர்களுள் வீட்டில் தமிழை முதன்மையாகப் பேசுவோர் 36.7 விழுக்காட்டினர், 2020இல் அது 27.1 விழுக்காடு. பேச்சே இவ்வளவு சுருங்கும்போது எழுத்தின் மேல் கண் படும் நேரம் எவ்வளவு சுருங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

என் மனத்தில் நெடுங்காலமாக இருக்கும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளில் நாங்கள் குவீன்ஸ்டவுனில் குடியிருந்தபோது, சென்னையிலிருந்து வரும் வார இதழை எங்கள் புளோக்கில் ஐந்து வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும். வாங்குவது ஒரு பிரதிதான். செவ்வாய்க்கிழமை இரவு அது எங்கள் வீட்டுக்கு வரும். புதன் காலை அடுத்த வீட்டு அக்கா கதவைத் தட்டுவார். அதற்குள் அம்மா தொடர்கதையை முடித்தாக வேண்டும். அந்த அக்கா கதவருகில் நின்றபடியே, “என்ன ஆயிற்று, அவள் கிளம்பிவிட்டாளா?” என்று கேட்பார். ஐந்து வீடும் சுற்றி முடிந்த பிறகு, கடைசி வீட்டுக்காரர் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கவனமாகக் கிழித்துச் சேர்த்துத் தைத்து அட்டை போட்டு வைப்பார். அப்படித் தைத்த ஒரு தொகுப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓர் அத்தியாயத்தின் பின்பக்கம் பாதி வெட்டுப்பட்ட தைல விளம்பரம் தெரியும்.

நாம் அந்நாளில் நிறையப் படித்தோம் என்றால் நமக்குப் பின்னால் ஒருவர் காத்திருந்தார் என்பதும் அதற்கு ஒரு காரணம். இன்று நூலகம் ஆறு வாரம் தருகிறது, ஆனால் உங்கள் கதவைத் தட்ட யாரும் இல்லை.


பொங்கோல்வாசி:

ஆசிரியர் ஐயாவின் விளக்கம் எனக்குப் புதிது, நன்றி. ஆனால் கைப்பேசியை முற்றிலும் எதிர்ப்பக்கத்தில் நிறுத்தத் தேவையில்லை என்பது என் கருத்து. எனக்கு 31 வயது. சென்ற ஆண்டு நான் படித்த ஒன்பது தமிழ் நூல்களில் ஏழு கைப்பேசியில் படித்தவைதாம்.

பொங்கோலிலிருந்து ஊட்ரம் பார்க் வரை ரயிலில் ஏறத்தாழ அரை மணி நேரம். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது 400 பக்கத் தாள் நூலை விரித்துப் படிக்க இயலாது. கைப்பேசியை ஒரு கையிலேயே பிடித்துப் பக்கம் திருப்பலாம். தேசிய நூலக வாரியத்தின் உறுப்பினராக இருந்தால் லிப்பி செயலியில் தமிழ் மின்னூல்களையும் இரவல் பெறலாம். ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் எண்ணிக்கை குறைவுதான் என்றாலும் ஓராண்டுக்குப் படிக்கப் போதுமானவை இருக்கின்றன. பழைய இலக்கியத்துக்கு, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 முதல் இயங்கிவருகிறது. நம் நாட்டு எழுத்து வேண்டுமென்றால், 2015இல் தமிழ்ச் சமூகமும் நூலக வாரியமும் சேர்ந்து முடித்த மின்மரபுடைமைத் திட்டத்தில், 1965க்குப் பிறகு இங்கே வெளியான கதை, கவிதை, நாடக நூல்களைத் தேடிப் படிக்கலாம். என் தாத்தா காலத்துச் சிங்கப்பூரை நான் அறிந்துகொண்டது அந்தச் சிறுகதைகள் வழியாகத்தான்.

ஓர் எச்சரிக்கை: பழைய நூல்களைப் படமெடுத்துப் போட்ட கோப்புகளைக் கைப்பேசியில் படிக்க முயலாதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தைப் பெரிதாக்கி இடமும் வலமும் நகர்த்த வேண்டியிருக்கும். இரண்டே நாளில் வெறுத்துவிடும். எழுத்தின் அளவைக் கூட்டினால் வரிகள் தாமாக மடங்கி அமையும் மின்னூலா என்று பார்த்து எடுங்கள். அவற்றைக் கைப்பேசியிலும், படங்களைக் கணினியிலும் என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன். இணையத்தில் தமிழ் எழுத்து தெரிவதே பெரும்பாடாக இருந்த காலத்தில், 1990களிலேயே, அதற்காக இங்கிருந்து உழைத்தவர் நம் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. இன்று இத்தனை எளிதாக வந்துவிட்ட ஒன்றைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

திரையில் படித்தால் மனத்தில் நிற்காது என்று பலர் சொல்கிறார்கள். 2000 முதல் 2017 வரை வெளியான 54 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி, 1,70,000க்கும் மேற்பட்டோரின் வாசிப்பை ஒப்பிட்ட ஒரு தொகுப்பாய்வு 2018இல் வந்தது. தாளில் படித்தவர்களே நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்பது அதன் முடிவு. ஆனால் அந்த வேறுபாடு தகவல் கட்டுரைகளில் காணப்பட்டதே தவிர, கதைகளை மட்டும் படித்தபோது காணப்படவில்லை. ஆகவே வேலை தொடர்பானவற்றைத் தாளில் படிக்கிறேன், நாவலைத் தயங்காமல் திரையில் படிக்கிறேன்.

ஒலிநூல்களையும் முயன்றேன். பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் கேட்பேன். கதை நினைவில் நிற்கிறது, வாக்கியங்கள் நிற்பதில்லை. அதனால் கேட்பதை நான் வாசிப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. அக்கா, நீங்கள் எதில் படித்தாலும் ஒன்றை மட்டும் செய்யுங்கள்: படிக்கும் அரை மணி நேரத்துக்கு இணையத் தொடர்பைத் துண்டித்துவிடுங்கள். நூலை முன்பே பதிவிறக்கி வைத்திருந்தால் அதற்கு இணையம் வேண்டியதில்லை.


செம்பருத்தி:

சகோதரி, நானும் உங்கள் வயதுக்காரிதான். மற்றவற்றுக்குப் போகுமுன் கண்ணைச் சோதித்துவிட்டீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. நாற்பதைக் கடந்தால் வெள்ளெழுத்து வருவது இயல்பு. அலுவலகக் கணினியில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்வதால் நமக்கு அது தெரிவதே இல்லை. தமிழ்ப் பதிப்புகளில், அதிலும் பழைய மலிவுப் பதிப்புகளில், எழுத்து பொடியாக இருக்கும். தாளும் மங்கலாக இருக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளாக ‘எனக்குப் படிக்கவே பிடிக்கவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்த நான், கண்ணாடி போட்ட வாரமே ஒரு சிறுகதைத் தொகுப்பை முடித்தேன்.

ஆசிரியர் ஐயா சொன்ன வேகக் குறைவு முற்றிலும் உண்மை. அதற்கு நான் தேடாமலே எனக்கு ஒரு மருந்து கிடைத்தது. என் மாமனாருக்கு 81 வயது. சர்க்கரை நோயால் கண்பார்வை மங்கிவிட்டது. ஐம்பதுகளில் சிறுவனாக இங்கு வந்து துறைமுகத்தில் வேலை செய்தவர். பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. தமிழ் முரசைப் படித்துப் படித்தே எழுத்தறிவை வளர்த்துக்கொண்டதாகச் சொல்வார். 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய நாளிதழ் அது என்பதை என் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு முறையாவது நினைவூட்டுவார். அவரால் இனிப் படிக்க முடியாது என்று தெரிந்த பிறகு, நாள்தோறும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் இருபது நிமிடம் நான் அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறேன்.

தொடக்கத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது. நீண்ட சொல் வந்தால் நடுவில் நின்றுவிடுவேன். ‘ள’கரம் வர வேண்டிய இடத்தில் ‘ல’கரம் வந்துவிடும். அவர் கண்ணை மூடிக்கொண்டே திருத்துவார், கோபமே இருக்காது. நாளிதழை அவர்தான் பிடித்துக்கொள்வார். ஒரு செய்தி முடிந்ததும் அவரே நான்காக மடித்து அடுத்த பக்கத்தை என் பக்கம் திருப்புவார். எந்தப் பக்கத்தில் எது இருக்கும் என்று அவர் விரல்களுக்குத் தெரியும். முதலில் இரங்கல் அறிவிப்புகளைத்தான் படிக்கச் சொல்வார். பெயரைச் சொன்னதும் சில நாள் ஒன்றும் பேசாமல் இருப்பார், அப்போது நானும் காத்திருப்பேன்.

மூன்று மாதம் போயிருக்கும். ஒரு நாள் இரவு நாவல் ஒன்றை எடுத்தபோது வரிகள் தடையில்லாமல் ஓடுவதைக் கவனித்தேன். வாய்விட்டுப் படிக்கும்போது சொல்லைத் தாண்டிக் குதிக்க முடியாது, கையும் கைப்பேசிக்குப் போகாது, எதிரே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் ஐயா, ஒரு சிறு மறுப்பு: கைப்பேசியை நீங்கள் எளிதாக விட்டுவிட்டீர்கள். தமிழில் வேகம் மீண்ட பிறகும், அது பக்கத்தில் இருந்தால் என் கை போகத்தான் செய்கிறது. இப்போது அதைச் சமையலறையில் மின்னூட்டத்தில் போட்டுவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறேன்.


புதுக்கோட்டைக்காரன்:

வணக்கம். நான் 2013இல் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தவன். துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் சாரம் கட்டும் வேலை. இங்கே எல்லாரும் வாசிப்பு குறைந்ததைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கோ இங்கு வந்த பிறகுதான் கூடியது, அதனால் எழுதுகிறேன்.

ஊரில் இருந்தவரை பாடநூலைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. 2020 ஏப்ரலில் கிருமித்தொற்றுக்காகத் தங்குவிடுதிகளை அடைத்தபோது எங்கள் அறையில் பன்னிரண்டு பேர் இருந்தோம். கைப்பேசியில் படம் பார்த்துப் பார்த்துத் தலைவலி வந்துவிட்டது. பண்ருட்டிக்கார அண்ணன் ஒருவருடைய பெட்டியில் மூன்று நாவல்கள் இருந்தன. முதலில் அவர் மட்டும் படித்தார். பிறகு ஒருவர் வாங்கினார், அவருக்குப் பின்னால் இன்னொருவர். ஒரு கட்டத்தில் அறைக்கதவின் பின்பக்கம் தாளை ஒட்டி, யாருக்குப் பின் யார் என்று பெயர் எழுத வேண்டியதாயிற்று. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட ஒரு தம்பிக்கு முதல் நாவலை முடிக்க ஒரு மாதம் ஆனது. அவனை யாரும் அவசரப்படுத்தவில்லை. ஆனால் அடுத்த பெயருக்கு உரியவர் கீழ்ப்படுக்கையில் உட்கார்ந்து, இப்போது எந்த இடம் என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆசிரியர் ஐயா தம் அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்தக் கதவுதான் கண்ணில் வந்தது.

இப்போது விடுமுறைக்கு ஊருக்குப் போகும் ஒவ்வொருவரும் திரும்பும்போது ஒரு நூலாவது கொண்டுவர வேண்டும் என்று எங்களுக்குள் பேச்சு. இருபதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. வேலை நாளில் இரவு எட்டரைக்குத்தான் அறைக்கு வருவோம். குளித்துச் சாப்பிட்டுப் படுக்கும்போது பத்தாகிவிடும். அதற்கு மேல் அரை மணி நேரம் என்பதே அதிகம். எனவே வார நாளில் கைப்பேசியில் குறுந்தொடர்களைப் படிப்பேன், ஓர் அத்தியாயம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பெரிய நூல் ஞாயிற்றுக்கிழமைக்கு. காலையிலேயே லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்குப் போய்ச் சந்தை வேலையை முடித்துவிட்டு, கூட்டம் சேர்வதற்குள் திரும்பி வந்து மேல்படுக்கையில் விளக்கைக் கவ்வவைத்துப் படுத்தால் சாயங்காலம் வரை ஓடும்.

அக்கா, நீங்கள் 64ஆம் பக்கத்தில் விட்ட நாவல் எதுவென்று சொன்னால், எங்களிடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். எனக்கு 64 பக்கம் என்பது முதல் நூலில் இரண்டு வாரம்.


அங் மோ கியோ வாசகி:

பதில் எழுதிய அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. உடனே எழுதாமல் மூன்று வாரம் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

ஆசிரியர் ஐயா சொன்ன சோதனையை அன்றிரவே செய்தேன். ஆங்கிலப் பக்கத்துக்கு 1 நிமிடம் 40 விநாடி. தமிழ்ப் பக்கத்துக்கு 2 நிமிடம் 55 விநாடி. எண்ணைப் பார்த்ததும் சற்று நேரம் பேச்சு வரவில்லை. ஆனால் தமிழ் என்னை விட்டுப் போய்விட்டதோ என்ற அச்சம் நீங்கி, பழக்கம் விட்டுப் போயிருக்கிறது என்று தெரிந்ததில் ஒரு நிம்மதியும் இருந்தது. மறுவாரம் கண் சோதித்தேன். செம்பருத்தி சொன்னதுபோலவே படிப்பதற்குத் தனிக் கண்ணாடி தேவைப்பட்டது. சமையலறையில் கைப்பேசியை விட்டுவிடும் பழக்கத்தையும் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். பொங்கோல் தம்பி, லிப்பியில் இரண்டு தமிழ் நூல்களை எடுத்து வைத்திருக்கிறேன். ரயிலில் உட்கார இடம் கிடைக்காத நாள்களில் அவை கைகொடுக்கின்றன.

அதே நாவலை மீண்டும் இரவல் பெற்று முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். முதல் பத்துப் பக்கத்தை வாய்விட்டுப் படித்தேன். சமைத்துக்கொண்டிருந்த கணவர் அடுப்பைத் தணித்துவிட்டு நின்று கேட்டார். புதுக்கோட்டைத் தம்பி, நாவலின் பெயரை உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் அறைக்கதவைப் பற்றி என் அக்காவிடம் சொன்னேன். உட்லண்ட்ஸில் இருக்கும் அவரும் பல ஆண்டுகளாகத் தமிழில் எதையும் முடித்ததில்லை. நான் படித்து முடித்ததும் தாமும் அதைப் படிக்கப்போவதாகச் சொல்லி, நூலகத்தில் தம் பெயரில் முன்பதிவு செய்துவிட்டார். அதனால் இம்முறை என்னால் தவணையை நீட்டிக்க முடியாது.

வரும் வியாழக்கிழமை நூலைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இன்று 291ஆம் பக்கத்தில் இருக்கிறேன். நேற்று இரவு அக்கா தொலைபேசியில் அழைத்து, பெரியவர் வீட்டைவிட்டுப் போனது எதற்காக என்று தெரிந்துவிட்டதா என்று கேட்டார்.